ஆட்சேபம் இல்லாத தெரு

நவம்பர் 18, செவ்வாய்

மேல் வீட்டு பேங்க்காரர் இன்று காலி செய்தார். ஆறு வருடம் இருந்தவர். போகும்போது பல்புகளைக் கழற்றிக்கொண்டு, சுவரில் ஆணிகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆணியைப் பிடுங்கப்போய் ஸ்டூலிலிருந்து நான் விழுந்ததை ஆவுடை பார்த்துவிட்டாள். கை கொடுத்துத் தூக்காமல், "சுவத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள்.

ஆவுடை என் மனைவி. நாளை எவனாவது இந்த நாட்குறிப்பைத் திருடிப் படித்தால் குழம்பக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். நான் காந்திமதிநாதன். வயது ஐம்பத்திரண்டு, சாயம் போட்டால் ஐம்பத்தொன்று. பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸ். சனி, ஞாயிறுகளில் பட்டிமன்ற நடுவர். பாளையங்கோட்டையில் என்னைத் தெரியாதவர்கள் உண்டு. என் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது.

மாலையில் வியாபாரிகள் சங்கச் செயலாளர் போன் செய்தார். காணும் பொங்கலுக்குப் பட்டிமன்றம். தலைப்பு: சமூகத்தில் பாகுபாடு ஒழியுமா, ஒழியாதா?

"தீர்ப்பு மட்டும் ஒழியும்னு முடிச்சிருங்க அண்ணாச்சி. நாளும் பொழுதுமா ஒழியாதுன்னா நல்லாவா இருக்கும்?"

இன்னும் பேச்சாளர்களையே முடிவு செய்யவில்லை. தீர்ப்பு தயார். கோர்ட்டுகள் எங்களைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

நவம்பர் 22, சனி

சங்கரன்கோவில் நிகழ்ச்சி முடிந்து வேனில் திரும்பும்போது அமுதரசி பக்கத்து சீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர். எட்டு வருடமாக என் அணி. மைக்கைப் பிடித்தால் கடைசி வரிசையில் சுண்டல் விற்பவனும் நின்று கேட்பான். மேடையில் நான் அவளுக்கு அண்ணன், அவள் எனக்குத் தங்கச்சி. பாகுபாடு பற்றிய தலைப்பு வந்தால் அவளை எப்போதும் 'ஒழியும்' கட்சியில்தான் போடுவேன். அவள் வாயால் அதைச் சொன்னால்தான் எடுபடும். 'அந்தப் பொண்ணே சொல்லிட்டு, பிறகென்ன' என்று முன்வரிசையில் வேட்டிகள் ஆறுதலாகச் சாய்ந்து உட்காரும்.

"அண்ணாச்சி, மாடி காலியாயிட்டாமே?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான். இப்ப மேடையில. ஆணி ஜோக்கு."

நாவடக்கம் இல்லாதவனுக்கு நடுவர் வேலை.

அவள் புருஷன் முத்துராசுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பூவுடையார்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, என் போன்ற தொப்பைக்காரனே மூச்சு வாங்காமல் நடக்கிற தூரம்.

"போகையில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. முடிஞ்சு திரும்புகையில மனுசன் துவண்ட துணியா இருக்காரு. போன வாரம் பஸ்ஸுக்குள்ளயே கண்ணு சொருகிட்டு. டாக்டர், ஆஸ்பத்திரிக்குக் கிட்டக்க வீடு பாருங்கன்னுட்டாரு. பதினோரு வீடு பாத்தாச்சு. ஊரு பேரு கேக்காக, தெரு கேக்காக, அதோட நேத்துத்தான் ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்ங்காக."

வேனில் இருந்த எல்லாரும் 'ச்ச்ச்' என்றார்கள். நான்தான் சத்தமாக.

"உங்க வீடுன்னா அந்தக் கேள்வி இருக்காதுன்னு எங்க வீட்டுக்காரரும் சொன்னாரு" என்றாள்.

"பாத்துச் சொல்லுதேன்மா" என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ஆவுடையிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் மூட்டுவலித் தைலத்தில் இருந்தாள். சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும். எப்படியும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

நவம்பர் 26, புதன்

வீடு என்னுடையது என்றாலும் தெரு எல்லாருடையதும் அல்லவா? நாலு பேரைக் கேட்டுச் செய்வதுதான் முறை. முதலில் பக்கத்து வீட்டுத் தாசில்தாரிடம் போனேன். சிவகுருநாதன், ரிட்டயராகிப் பத்து வருடம் ஆகிறது, நெற்றியில் விபூதிப் பட்டையும் குரலில் சர்க்கார் முத்திரையும் போகவில்லை. அக்கம்பக்கத்தில் முட்டை வேக வைத்தால்கூட ஜன்னலை அடைக்கிற மனிதர். இவர் போதும் என்று நினைத்தேன்.

"வே, மாடிக்கு ஒரு டீச்சர் கேக்கா. புருசனுக்கு டயாலிசிஸ். ஒரு விசயம் மட்டும்... அவுக எஸ்.சி. ஆளுக."

"சரி."

"உமக்கு ஆட்சேபம் உண்டுமாங்கேன்."

"எனக்கென்னவே ஆட்சேபம்? ஆஸ்பத்திரி கேஸு. குடும் வே, புண்ணியமாப் போகும்."

நான் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தெரு என்பதை நினைவூட்டினேன். அவர் வீட்டுக் கிணறும் என் வீட்டு மோட்டாரும் ஒரே ஊற்று என்று சொன்னேன். மனிதர் அசையவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டார். காபி தண்ணீர்தான்.

நவம்பர் 30, ஞாயிறு

எதிர்வீட்டு மங்கையர்க்கரசி அக்கா, முன்னாள் ஹெட்மிஸ்ட்ரஸ். திருவாசகக் கமிட்டித் தலைவி. இவர் நிச்சயம் ஏதாவது சொல்வார் என்று நம்பிப் போனேன். "டீச்சரா? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு" என்றார்.

"இல்லக்கா, பொறவு தெருவுல யாராவது மனசு கஷ்டப்பட்டா..."

"யாருடே கஷ்டப்படுதா?"

"பொதுவாச் சொல்லுதேன்."

"தாசில்தார் சொன்னாரா?"

"சேச்சே, அவரு ஒண்ணும் சொல்லல."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணும் சொல்லலன்னா மனசுல வச்சிருக்காரோ என்னமோ. நீ இவ்வளவு யோசிக்கேன்னா ஏதோ இருக்கும். எனக்கு ஆட்சேபம் கிடையாது. மத்தவங்களையும் அனுசரிச்சுக்கோ, அவ்வளவுதான்."

மத்தவங்களையும் அனுசரிச்சுக்கோ. ஒரு வழியாகத் தெருவின் அபிப்பிராயம் தெரிந்தது. நான் ஒருவன் என்ன செய்ய முடியும்? திரும்பி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. நடைப்பயிற்சியின் பலன்.

டிசம்பர் 3, புதன்

அமுதரசி போன். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினாள். பின்னால் ஏதோ மெஷின் கூவிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. வீட்டம்மா கொஞ்சம் ஆசாரம். பதமாச் சொல்லித்தான் சம்மதிக்க வைக்கணும். அதுக்குள்ள வெள்ளையடிச்சிருதேன்."

"வெள்ளையெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. எப்படி இருந்தாலும் போதும்."

"தங்கச்சி குடிவாரா, வெள்ளையடிக்காமலா?" என்றேன். அவள் சிரித்தாள். அவளைச் சிரிக்க வைத்ததில் எனக்கு ஒரு திருப்தி. கஷ்டத்தில் இருப்பவர்களைச் சிரிக்க வைப்பது சாதாரண சேவை அல்ல.

டிசம்பர் 9, செவ்வாய்

வெள்ளையடித்து முடிந்தது. இரண்டாவது கோட் அடிக்கச் சொன்னேன். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறான் பெயிண்டர். அவனுக்கு வேலை செய்ய வலிக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் வந்துவிட்டார்கள். நல்லவேளை, ஆவுடை கோயிலுக்குப் போயிருந்தாள். முத்துராசு ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். படியில் தொங்கிக்கொண்டே டிக்கெட் கிழிப்பாராம். இன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு. நாற்காலி எடுத்து வருவதற்குள் மாடிப்படியின் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி ஜோக்கு எல்லாம் செல்போன்ல கேப்பேன்" என்றார். "மெஷின்ல படுத்திருக்கையில கேட்டா நேரம் போறது தெரியாது. நர்சம்மா சிரிக்காதீங்கன்னு ஏசும், ஊசி நழுவிரும்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரசிகன் என்றால் இவனல்லவா ரசிகன். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமே.

"தம்பி, படியப் பாத்தீயளா? இருபது படி. உங்க உடம்புக்கு ஆகுமா? அதான் யோசிக்கேன்."

"ரெண்டு பஸ் ஏறி இறங்குததுக்கு இது ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. ஒரு படிக்கு ஒரு ஸ்டாப்பிங்னு நின்னு நின்னு ஏறிருவேன்."

அமுதரசி அண்ணாந்து மேல் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, நாளைக்கே சாமானைக் கொண்டு வந்திரட்டுமா? ரெண்டு பாய், ஒரு அடுப்பு. அவ்வளவுதான். திங்கக்கிழமை இவுக இங்கருந்தே நடந்து போயிரலாம்."

"நாளைக்கு நாள் சரியில்லையே."

"ஞாயித்துக்கிழமை?"

"அதுவும் சுகமில்ல." காலண்டர் வீட்டுக்குள் இருந்தது. எனக்கு மனப்பாடம். "செவ்வாய்க்கிழமை மார்கழி பொறந்திருது. மார்கழியில யாராவது குடி போவாகளாம்மா? தை பொறக்கட்டும். தை ஒண்ணு, சாவி உன் கையில."

"நாங்க அதெல்லாம் பாக்கிறதில்ல அண்ணாச்சி."

"நீ பாக்க மாட்ட. குடுக்கிறவன் பாக்கணும்லா? உங்க நல்லதுக்குத்தானே."

அவள் மறுபடியும் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தாள். முத்துராசு, "விடு, அண்ணாச்சி சொன்னாச் சரியா இருக்கும். ஒரு மாசந்தானே" என்று அவள் தோளைப் பிடித்து எழுந்தார். தெருமுனை வரைக்கும் மூன்று இடத்தில் நின்றார்கள்.

போன வருடம் இதே டிசம்பரில் 'மூடநம்பிக்கையை வளர்ப்பது வீடா, நாடா?' என்று நான் தீர்ப்புச் சொன்னபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அது வேறு, இது வேறு.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி ஒன்று. விடிவதற்கு முன்பே மைக் செட். அக்காவின் திருவாசகக் கமிட்டி தெருவைச் சுற்றி வந்தது; தாசில்தார் ஜால்ரா. கோயில் பொங்கலில் முந்திரி மூன்று கிடைத்தது. தெருவே மணக்கிறது. மனசு நிம்மதியாக இருக்கிறது. முன்னோர்கள் சும்மாவா ஒரு மாதத்தை ஒதுக்கி வைத்தார்கள்?

டிசம்பர் 22, திங்கள்

மூட்டுவலி மாத்திரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன ஆவுடை, வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நான் ஆசாரமா?"

"என்னது?"

"அமுதரசியப் பாத்தேன். ராசு தம்பி பெஞ்சுல சுருண்டு கெடக்கு. அந்தப் பிள்ளை என் கையப் பிடிச்சிக்கிட்டு, 'மதினி, உங்க சமையக்கட்டுப் பக்கமே வர மாட்டோம், கறி மீனு மாடியில வைக்க மாட்டோம், உங்களுக்கு ஆசாரம்னு அண்ணாச்சி சொன்னாக'ங்கா. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிர மாட்டோமான்னு இருந்துச்சு. நான் என்னைக்கு வேண்டாம்னேன்?"

"கேட்டா நீ வேண்டாம்னுதான் சொல்லிருப்ப."

"கேட்டீயளா?"

"உன் மனசு எனக்குத் தெரியாதா?"

"கேட்டீயளான்னு கேக்கேன்."

நான் தெருவின் அபிப்பிராயத்தை எடுத்துச் சொன்னேன். தாசில்தார் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை, அக்கா அனுசரிக்கச் சொன்னதை. அவள் பையைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு அவுகளை வரச் சொல்லுங்க."

"மார்கழி, ஆவுடை. நீ கட்டாயம்னா வரச் சொல்லுதேன். நாளைக்கு அந்தப் பையனுக்கு ஒண்ணுன்னா உன் தலையில விடியும்."

கல்யாணமான நாளிலிருந்து மார்கழியில் ஒரு புதுப் பானைகூட வீட்டுக்குள் விடாதவள் அவள். போய்க் காலண்டரைப் பார்த்தாள். கடைசியில், "தை ஒண்ணு அன்னைக்கு நானே மேல போயிப் பால் காய்ச்சுவேன். நீங்க குறுக்க வரப்பிடாது" என்றாள்.

பட்டிமன்றத்தில் எதிரணியின் வாதத்தைக் கொண்டே எதிரணியை மடக்குவது என்று ஒரு கலை உண்டு.

டிசம்பர் 26, வெள்ளி

மழை. பல் டாக்டரிடம் போனேன். கடைவாய்ப்பல் இனி உதவாது என்றார்.

டிசம்பர் 29, திங்கள்

முத்துராசு இறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, இரண்டாவது பஸ்ஸில். ஊர் வந்து எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் தன் தோளில் தலை சாய்த்துத் தூங்குகிறார் என்றே அமுதரசி நினைத்திருக்கிறாள். டிரைவர் வந்து எழுப்பிப் பார்த்திருக்கிறார்.

ஆவுடை போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றாள். விதி என்றேன். ஆயுசு அவ்வளவுதான் என்றேன். எந்த வீட்டில் இருந்தாலும் எமன் விலாசம் கேட்காமல் வருவான் என்றேன். நல்ல வரி. குறித்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

பூவுடையார்குளம் போனோம். ஊரைத் தாண்டி, குளத்துக்கரைக்குத் தெற்கே காலனி. எட்டு வருடப் பழக்கத்தில் நான் அங்கே போவது இதுதான் முதல் தடவை. வேன் எப்போதும் மெயின் ரோட்டிலேயே அவளை இறக்கிவிடும்.

எனக்கு என்ன மரியாதை! சாவு வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். முத்துராசின் தம்பி கடைக்கு ஓடிப்போய் ஒரு பாட்டில் சோடா வாங்கி வந்தான். அதை அவன் திறக்கப்போனபோது ஒரு பெரியவர், "ஏலே, மூடியத் தொடாத. அய்யாவே திறந்துக்கிடட்டும்" என்றார். நல்ல பழக்கம். சுகாதாரம். நம் தெருவில்கூட இந்த நாசூக்குக் கிடையாது.

ஆவுடை உள்ளே பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கேட்டு, அவர்கள் கொடுத்த செம்பிலேயே வாய் வைத்துக் குடித்தாள். வழியில் கடை இருந்தது, பொறுத்திருக்கலாம்.

அமுதரசி அழவில்லை. நான் அருகில் போய், "வெள்ளையெல்லாம் அடிச்சி ரெடியா வச்சிருந்தேன்மா" என்றேன்.

"ரெண்டு கோட்டுன்னு மதினி சொன்னாக அண்ணாச்சி" என்றாள்.

பாவம், அதிர்ச்சியில் இருந்தாள்.

ஜனவரி 11, ஞாயிறு

அமுதரசிக்குப் பதில் யாரைப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவளே போன் செய்துவிட்டாள்.

"பதினாறாம் நாள் காரியம் செவ்வாய்க்கிழமை முடியுது. வாரேன் அண்ணாச்சி. ஒத்துக்கிட்டது."

"உங்க ஆளுக ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?"

"சொல்லத்தான் செய்வாக. வீட்டுக்குள்ள உக்காந்திருந்தா பஸ் சத்தந்தான் கேக்கு. நான் வாரேன்."

"எந்தக் கட்சிம்மா?"

"நீங்க எப்பவும் போடுத கட்சியிலயே போடுங்க."

ஜனவரி 15, வியாழன்

தை ஒன்று. ஆவுடை மேல் வீட்டுக்குத் தனியாகப் போய்ப் பால் காய்ச்சினாள். ஆளில்லாத வீட்டில் எதற்குப் பால் என்று கேட்டேன். காய்ச்சிய பாலை அப்படியே கொண்டுவந்து வேப்பமரத்து மூட்டில் ஊற்றினாள். லிட்டர் பால்.

ஜனவரி 17, சனி

சரித்திரத்தில் நிற்கும் பட்டிமன்றம். பந்தலுக்கு வெளியிலும் கூட்டம். முன்வரிசையில் தாசில்தார், அக்கா, ஆவுடை.

அமுதரசி பொட்டில்லாமல் வந்தாள். 'ஒழியும்' என்று பேசினாள். அதே உதாரணங்கள், அதே ஏற்ற இறக்கம். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "நடுவர் அவர்களே" என்று அவள் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. என் தண்ணீர் பாட்டில் காலியானதுதான் மிச்சம்.

தீர்ப்புக்கு முன் நடுவர் உருக்கமாக ஒரு சம்பவம் சொல்ல வேண்டும்; அது மரபு. தயாரித்து வைத்திருந்த சம்பவம் எனக்கே பழையதாகப் பட்டது. வாயில் தானாக வந்தது இது:

"அன்புப் பெருமக்களே! இந்த மேடையில் இருக்கிற என் தங்கை வீடில்லாமல் பதினோரு வாசல் ஏறி இறங்கினாள். பன்னிரண்டாவது வாசல் இந்த அண்ணனுடைய வாசல். ஊரைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்கவில்லை. வெள்ளையடித்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தை பிறப்பதற்குள் எமன் முந்திக்கொண்டான். எமனுக்குத்தான் பாகுபாடு இல்லை என்பார்கள். இல்லை ஐயா, என் தெருவுக்கும் இல்லை! என் தெருவில் ஒருவர்கூட ஆட்சேபம் சொல்லவில்லை!"

பந்தல் அதிர்ந்தது. தாசில்தார் எழுந்து நின்றே கைதட்டினார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். செயலாளர் ஓடிவந்து பொன்னாடை போர்த்தினார். எல்லாத் தலையும் அமுதரசி பக்கம் திரும்பியது. அவள் மெதுவாகக் கையைத் தூக்கித் தட்டினாள்.

"பாத்தியா, அவளே தட்டுனா" என்றேன், வீட்டுக்கு வரும் வழியில்.

"அத்தனை பேரு பாக்கையில அவ வேற என்ன செய்வா?" என்றாள் ஆவுடை.

வீடு வரைக்கும் அதற்கு மேல் பேசவில்லை. இன்னும் பேசவில்லை.

ஜனவரி 24, சனி

ஆவுடை ஒரு பாய், ஒரு அடுப்பு, தைல பாட்டில் சகிதம் மேல் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. எனக்குச் சாப்பாடு நேரத்துக்குப் படியில் வந்துவிடுகிறது, தட்டால் மூடி. மாடி வாடகைக்கு என்று கேட்டு வருகிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுகிறேன்.

தெருவில் விசாரிக்கிறார்கள். அவளுக்கு மூட்டுவலி, மேலே காற்று நன்றாக வருகிறது, அதனால் அங்கே இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தாசில்தார் தலையை ஆட்டினார். அக்கா, "நல்லதுதான்" என்றார். மூட்டுவலிக்காரி எதற்கு இருபது படி ஏறுகிறாள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.